கெமிக்கல் ஏற்றுமதி மேசையில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு

2025 ஜூன் 9 அன்று கொழும்பிலிருந்து நவசேவா நோக்கிப் போய்க்கொண்டிருந்த வான் ஹை 503 என்ற கன்டெய்னர் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. 18 பேர் மீட்கப்பட்டார்கள். 4 மாலுமிகளைக் காணவில்லை. இப்படி ஒரு கப்பல் எரியும்போது அணைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஆபத்துச் சரக்குப் பட்டியலைத்தான். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன, தண்ணீர் அடிக்கலாமா கூடாதா? பதில் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஓர் ஊரில் ஒரு டாக்குமென்டேஷன் எக்சிகியூட்டிவ் தட்டிய தாளிலிருந்து வந்தது.

நீங்கள் சேர்ந்திருப்பது, அல்லது சேரப் பார்ப்பது, அந்த மேசையில். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களும், பி.காம். முடித்து ஃபார்வர்டர் ஆபீசில் கால் வைத்தவர்களும் இதைச் சாதாரண ஷிப்பிங் கிளர்க் வேலை என்று நினைத்துத்தான் வருகிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். கதவை மூடி சீல் போட்ட பிறகு கன்டெய்னருக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. லாரி டிரைவர், கிரேன் ஆபரேட்டர், கப்பலின் சீஃப் ஆபீசர், நடுவில் ஒரு துறைமுகத்தில் பெட்டியை இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றுகிறவர் என்று எல்லோரும் உங்கள் காகிதத்தை நம்பித்தான் அதன் பக்கத்தில் நிற்கிறார்கள். இந்த வேலையில் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் வந்து சேர்கிறது.

வேலை கிடைக்கும் இடங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. மணலி, மேட்டூர், ராணிப்பேட்டை, கடலூர் சிப்காட், தூத்துக்குடி வட்டாரங்களில் உள்ள உற்பத்தியாளர்கள் ஒரு பக்கம். சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் வாங்கி அனுப்பும் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர்கள் இன்னொரு பக்கம். ஃபார்வர்டர்கள், கஸ்டம்ஸ் புரோக்கர்கள், ஐஎஸ்ஓ டேங்க் ஆபரேட்டர்கள், கப்பல் லைனர்களின் ஹாஸ் (ஆபத்துச் சரக்கு) டெஸ்க் என்று மீதி இடங்கள். பெரிய லைனர்கள் சிலவற்றின் பின்னணி அலுவலகங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில், முதல் இரண்டு வருடம் உற்பத்தியாளரிடமோ, கெமிக்கல் மட்டும் கையாளும் ஃபார்வர்டரிடமோ இருப்பது நல்லது. சரக்கைக் கண்ணால் பார்த்தவருக்கு வரும் சந்தேகம் ஸ்கிரீனில் மட்டும் பார்த்தவருக்கு வராது.

எம்எஸ்டிஎஸ் தாளைக் கேள்வி கேட்டுப் படியுங்கள்

எல்லாம் தொடங்குவது பொருளின் பாதுகாப்புத் தகவல்களைச் சொல்லும் இந்தத் தாளில். இன்று எஸ்டிஎஸ் என்பதுதான் சரியான பெயர், ஆனாலும் ஆபீசில் எல்லோரும் எம்எஸ்டிஎஸ் என்றே சொல்வார்கள். 16 பகுதிகள் இருக்கும். புதியவர்கள் நேராக 14ஆம் பகுதிக்குப் போய், அங்கே இருக்கும் யூஎன் நம்பரை (ஆபத்துப் பொருளை அடையாளம் காட்டும் எண்) காப்பி அடித்து புக்கிங் ரிக்வெஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். போக்குவரத்து விவரம் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பகுதியே தவறாக இருந்தால் என்ன செய்வது?

9ஆம் பகுதியைத் திறங்கள். ஃப்ளாஷ் பாயின்ட் 48 டிகிரி என்று போட்டிருக்கிறது. 14ஆம் பகுதியிலோ ‘கட்டுப்பாடு இல்லை’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. மூடிய கோப்பைச் சோதனையில் 60 டிகிரி அல்லது அதற்குக் கீழே ஃப்ளாஷ் பாயின்ட் வரும் திரவம் கடல்வழி விதிப்படி பொதுவாக 3ஆம் வகுப்பு, அதாவது தீப்பற்றும் திரவம். யாரோ வேறொரு நாட்டுச் சாலை விதியைப் பார்த்து அந்தத் தாளைத் தயாரித்திருக்கலாம். பழைய தயாரிப்பின் தாளில் பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம். 2ஆம் பகுதியில் ‘தோலை அரிக்கும்’ என்று இருந்து 14இல் 8ஆம் வகுப்பு இல்லாவிட்டாலும் இதே கேள்விதான். 2, 9, 14 மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். ஒத்துப்போகாவிட்டால் க்யூசி லேபுக்கு மெயில் போடுங்கள். போனில் கேட்டு முடித்துவிடாதீர்கள்.

அடுத்தது ஐஎம்டிஜி கோட். ஐநாவின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ வெளியிடும் இந்த ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் கீழ் 2004 ஜனவரி 1 முதல் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தம் வரும். இப்போது நடப்பில் இருப்பது 42-24 திருத்தம்; 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. உங்கள் அலுவலக அலமாரியில் நாலு வருடம் பழைய புத்தகம் இருந்தால் அதை நம்பி எதையும் நிரப்ப வேண்டாம். எடுத்துக்காட்டாகக் கரியைச் சொல்லலாம். 4.2 வகுப்பில் வரும் கரிக்கு முன்பு இருந்த விலக்கு இந்தத் திருத்தத்தில் போய்விட்டது. தேங்காய்ச் சிரட்டைக் கரி அனுப்புகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஒன்பது வகுப்புகளையும் மனப்பாடம் செய்யுங்கள், ஒரு மாலை போதும். அதற்கு மேல் மனப்பாடம் வேண்டாம், தேடத் தெரிந்தால் போதும். ஆபத்துச் சரக்குப் பட்டியலில் ஒரு யூஎன் நம்பருக்கு எதிரே வரும் ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று காஸ்டிக் சோடாவை வைத்துப் பழகுங்கள். ஃப்ளேக்ஸ் என்றால் யூஎன் 1823, லை என்றால் யூஎன் 1824. இரண்டும் 8ஆம் வகுப்பு. ஃப்ளேக்ஸ் பேக்கிங் குரூப் (ஆபத்தின் அளவு; 1 கடுமையானது, 3 குறைவானது) 2. லையின் செறிவைப் பொறுத்து 2 அல்லது 3. தாளில் எழுத வேண்டிய பெயர் ‘காஸ்டிக் சோடா’ அல்ல. ‘சோடியம் ஹைட்ராக்சைடு, சாலிட்’ அல்லது ‘சோடியம் ஹைட்ராக்சைடு சொல்யூஷன்’. இதைத்தான் புராப்பர் ஷிப்பிங் நேம் என்கிறார்கள். கம்பெனி வைத்த பிராண்ட் பெயர் அந்த இடத்தில் வரக்கூடாது. ஆபத்துச் சரக்கு (டிஜி) டிக்ளரேஷனில் வரிசையும் மாறக்கூடாது: யூஎன் நம்பர், பெயர், வகுப்பு, துணை ஆபத்து இருந்தால் அடைப்புக்குறிக்குள், கடைசியாக பேக்கிங் குரூப்.

ஒரே வகுப்பு என்று ஏமாற வேண்டாம்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் சரக்கில் ரிசார்ட்டுகளுக்கான நீச்சல்குளக் கெமிக்கல்களும் உண்டு. பார்ட்டி ஆர்டரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 கேன், சோடியம் ஹைப்போகுளோரைட் 100 கேன் என்று சேர்த்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது யூஎன் 1789, இரண்டாவது யூஎன் 1791. இரண்டுமே 8ஆம் வகுப்பு. வகுப்புகளைப் பிரித்துவைக்கும் அட்டவணையில் 8க்கு 8 தடை எதுவும் காட்டாது. ‘ஒரே பெட்டியில் ஏற்றிவிடலாம் சார்’ என்று புதியவர் சொல்வது இந்த இடத்தில்தான்.

இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பெட்டிக்குள் வரும். அந்தப் பெட்டியை மாலேயில் திறக்கிற தொழிலாளியின் முகத்தில் அடிக்கும். அதனால்தான் பட்டியலில் ஒவ்வொரு யூஎன் நம்பருக்கும் தனியாக ஒரு பிரிப்புக் கட்டம் இருக்கிறது. அமிலங்கள் ஒரு குழு, காரங்கள் ஒரு குழு, ஹைப்போகுளோரைட்டுகள் ஒரு குழு. வகுப்பு அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தக் கட்டத்தையும் பார்ப்பவர்தான் ஹாஸ் டெஸ்க்கில் நிலைப்பார். ஹைப்போகுளோரைட் கரைசல் கடல் மாசுபடுத்தியும்கூட. மீனும் மரமும் போட்ட அடையாளம் கேனிலும் வேண்டும், பெட்டியிலும் வேண்டும்.

டிரம்மின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்டோருக்கு நடந்து போய் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் யூஎன் குறி, அதன் பக்கத்தில் 1எச்1/ஒய்1.9/100/25/ஐஎன்டி என்பதுபோல ஒரு வரி. முதல் 1 என்றால் டிரம். எச் என்றால் பிளாஸ்டிக். அடுத்த 1 என்றால் தலைப்பகுதியைக் கழற்ற முடியாதது. ஒய் என்றால் பேக்கிங் குரூப் 2க்கும் 3க்கும் ஆகும், 1க்கு ஆகாது. எக்ஸ் இருந்தால் மூன்றுக்கும் ஆகும், இசட் இருந்தால் 3க்கு மட்டும். 1.9 என்பது எவ்வளவு ஒப்படர்த்தி வரை அந்த டிரம் சோதிக்கப்பட்டது என்பது. 100 என்பது நீரழுத்தச் சோதனை, கிலோபாஸ்கலில். 25 என்பது 2025இல் செய்தது. அப்புறம் நாடு, அனுமதி எண்.

இதை ஏன் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன்? 98 சதவீத கந்தக அமிலத்தின் ஒப்படர்த்தி 1.84, பேக்கிங் குரூப் 2. ஸ்டோரில் ஒய்1.4 என்று போட்ட டிரம்கள் கிடக்கும். பார்வைக்கு இரண்டும் அதே நீல டிரம்தான், இரண்டிலும் யூஎன் குறி இருக்கிறது. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் மலிவானதை வாங்கியிருக்கும். ஆனால் அந்த எடைக்கு அது சோதிக்கப்படவில்லை. அடுக்கின் அடியில், கப்பல் ஆடும்போது, அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. தேதியையும் பாருங்கள்: ஆபத்துச் சரக்குக்கு பிளாஸ்டிக் டிரம்மைச் செய்த நாளிலிருந்து பொதுவாக 5 வருடம்தான் பயன்படுத்தலாம். இந்தியாவில் இந்த பேக்கிங்குக்கான சோதனையும் சான்றும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங்கில் நடக்கின்றன. அந்தச் சான்றின் செல்லுபடித் தேதி எக்செல் ஷீட்டில் உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

லேபிள் விஷயம் சின்னதாகத் தோன்றும். பேக்கேஜ் மேல் ஒட்டும் லேபிள் 100க்கு 100 மில்லிமீட்டர், கன்டெய்னரின் நான்கு பக்கமும் ஒட்டும் பிளக்கார்டு 250க்கு 250. கடல் நீரில் 3 மாதம் மூழ்கிக் கிடந்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்து செலோடேப் போட்டு ஒட்டுவதெல்லாம் அந்த விதிக்கு நிற்காது.

டேங்க் கணக்கு

திரவம் அதிக அளவில் போகும்போது ஐஎஸ்ஓ டேங்க் வரும். நேர்முகத்தேர்வில் யாரும் கேட்காத, ஆனால் வேலையில் முதல் வருடமே முட்டிக்கொள்ளும் ஒரு கணக்கைச் சொல்லித் தருகிறேன்.

50 சதவீத காஸ்டிக் லை. ஒப்படர்த்தி சுமார் 1.5. போகும் நாட்டின் சாலை எடை வரம்பு காரணமாக 26 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஐ 1.5ஆல் வகுத்தால் சுமார் 17,300 லிட்டர். ஆபரேட்டரிடம் கையிருப்பில் இருப்பது 24,000 லிட்டர் டேங்க். நிரம்புவது 72 சதவீதம். ‘காலி இடம் இருந்தால் நல்லதுதானே’ என்று தோன்றும். இல்லை. உள்ளே தடுப்பு இல்லாத டேங்கில், தண்ணீர்போல ஓடும் திரவத்தை 20 சதவீதத்துக்கு மேலும் 80க்குக் கீழும் நிரப்பிக் கொண்டுபோகக் கூடாது. பாதி நிறைந்த திரவம் உள்ளே அலை அடித்து லாரியைச் சாய்க்கும், கப்பலில் கட்டுகளை இழுக்கும். எனவே சிறிய டேங்க் கேட்க வேண்டும், அல்லது 7,500 லிட்டருக்கு மிகாத அறைகளாகத் தடுத்த டேங்க் கேட்க வேண்டும். இதைக் கொட்டேஷன் கொடுக்கும் முன்பே பார்த்தால் ஒரு மெயிலோடு முடியும். லோடிங் பாயின்ட்டில் பார்த்தால் டேங்க் திரும்பிப் போகும், வாடகை உங்கள் தலையில் விழும்.

அதே லை சுமார் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஜனவரியில் வடக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பினால் இறக்கும் இடத்தில் டேங்கைச் சூடாக்க வசதி உண்டா என்று கேட்பது உங்கள் வேலை. வெப்பம் எதிர்ப்பக்கமாகவும் கொல்லும். 2012 ஜூலையில் அட்லாண்டிக் கடலில் எம்எஸ்சி ஃப்ளாமினியா கப்பலில் வெடிப்பு நடந்து 3 மாலுமிகள் இறந்தார்கள். டிவினைல்பென்சீன் நிரப்பிய டேங்குகள் நியூ ஆர்லியன்ஸ் முனையத்தில் கோடை வெப்பத்தில் பல நாள் நின்றிருந்தன. அந்தப் பொருள் சூட்டில் தானாகவே பாலிமராகத் தொடங்கிவிடும். யார் பொறுப்பு என்று அமெரிக்க நீதிமன்றங்களில் பத்து வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது. சூடு பட்டால் குணம் மாறும் பொருள் உங்கள் கையில் இருந்தால், யார்டில் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டஃபிங் நாளன்று ஆபீசில் உட்காராதீர்கள்

காலி கன்டெய்னர் வந்ததும் உள்ளே ஏறி, கதவை மூடச் சொல்லி, இருட்டில் நின்று பாருங்கள். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அது ஓட்டை. கடல் தண்ணீர் அதன் வழியாக வரும். காஸ்டிக் ஃப்ளேக்ஸ் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். கரைந்து ஒழுகினால் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனும் தரும். தரையில் ஆணி துருத்திக்கொண்டிருந்தால் அடித்துப் பதிக்கச் சொல்லுங்கள். முந்தைய சரக்கின் வாசனை அடித்தால் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். வெளியே பழைய பிளக்கார்டு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தீ விபத்தில் தவறான பிளக்கார்டு இருப்பதும் பிளக்கார்டு இல்லாததற்குச் சமமான ஆபத்துதான்.

200 லிட்டர் டிரம் என்றால் 20 அடி கன்டெய்னரில் பேலட் இல்லாமல் இரண்டு அடுக்காக 80 ஏற்றுவது வழக்கம். எடை கூடிய பொருளுக்கு அந்த வழக்கம் பொருந்தாது, கன்டெய்னரின் எடை வரம்பு முன்னாலேயே வந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட், கதவுப் பக்கம் மரத்தடுப்பு, இடைவெளியில் டன்னேஜ் பேக். முடிந்ததும் கதவு திறந்தபடி, பாதி மூடியபடி, சீல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். கன்டெய்னர் பேக்கிங் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த இடத்தில் இருந்தவராக இருக்க வேண்டும். லாரி டிரைவரிடம் அபாயகரச் சரக்குக்கான உரிம மேற்குறிப்பு இருக்கிறதா, கேபினில் ட்ரெம் கார்டு (போக்குவரத்து அவசரகால அட்டை) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேட் பாஸ் கொடுங்கள். ட்ரெம் கார்டு டிரைவருக்குப் புரிகிற மொழியில் இருக்கட்டும்.

2016 ஜூலை 1 முதல் விஜிஎம் (சரிபார்த்த மொத்த எடை) இல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பல் ஏறாது. எடைமேடைச் சீட்டை வாங்கி உடனே ஃபைல் செய்துவிடுங்கள்.

புக்கிங்கும் அப்ரூவலும்

சாதாரண சரக்கில் புக்கிங் உடனே வரும். ஹாஸ் சரக்கில் முதலில் அப்ரூவல். எம்எஸ்டிஎஸ், பேக்கிங் விவரம், 24 மணி நேர அவசர எண் எல்லாம் போட்டு அனுப்பினால் லைனரின் ஹாஸ் டெஸ்க் பார்க்கும். தூத்துக்குடிப் பெட்டி பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். ஃபீடர் கப்பல் ஒருவருடையது, மதர் வெசல் இன்னொருவருடையது, கொழும்புத் துறைமுகத்தின் அனுமதி வேறு, இறங்கும் துறைமுகத்தின் அனுமதி வேறு. இத்தனை பேரும் சரி என்று சொன்னால்தான் நகரும். ஒருவர் மறுத்தாலும் ஷட் அவுட், பெட்டி கப்பல் ஏறாது. சேல்ஸ் டீம் பார்ட்டிக்குத் தேதி கொடுக்கும் முன்பே இந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவசர எண்ணை ஒருமுறை ராத்திரி பதினோரு மணிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். மறுமுனையில் எடுப்பவருக்குப் பொருளின் பெயரும் முதலுதவியும் தெரிய வேண்டும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி எடுத்து ‘காலையில் பேசுங்க’ என்றால் அந்த எண் தாளில் இருந்து பயனில்லை.

கசியும் பெட்டியை எந்தத் துறைமுகமும் விரும்பி ஏற்காது என்பதை எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கன்டெய்னர் கப்பல் காட்டியது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் உட்பட 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. அமிலப் பெட்டி கசிவது கொழும்பை நெருங்கும் முன்பே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அது இறக்கப்படவில்லை. 2021 மே 20 அன்று தீ பற்றியது, ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கத் தொடங்கியது. நீர்கொழும்புக் கடற்கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. ஒரு டிரம் மூடியைச் சரியாக முறுக்கினோமா என்பது இவ்வளவு தூரம் போகக்கூடிய கேள்வி.

நான்-ஹாஸ் என்று போடச் சொன்னால்

சொல்வார்கள். மாத முடிவில், டார்கெட் நெருக்கும்போது சொல்வார்கள். மேலாளர் கெட்டவர் என்பதால் அல்ல. ஹாஸ் என்றால் ஃப்ரைட் கூடுதல், நாள் கூடுதல், பார்ட்டி கையைப் பிசைகிறார் என்பதால்.

“தம்பி, அந்தத் தின்னர் கன்சைன்மென்ட்டை இந்த ஒரு தடவை கிளீனிங் லிக்விட்னு போட்டு நான்-ஹாஸா அனுப்பிடலாமாப்பா?”

இதற்கு விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டினால் சண்டைதான் வரும். வழியோடு சேர்த்து மறுக்க வேண்டும்: “சார், ஃப்ளாஷ் பாயின்ட் 27 இருக்கு. லைனர் பெட்டியைத் திறந்து பார்த்தா பெனால்டி நம்ம பேர்ல வரும், இன்சூரன்ஸ் கிளெய்மும் நிக்காது. நான் மூணு லைனர்கிட்ட ஹாஸ் ரேட் கேட்டு மதியத்துக்குள்ள தர்றேன். பார்ட்டிக்கு அதை வெச்சு பேசலாம் சார்.” கையில் ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள்: தவறாக அறிவித்த ஆபத்துச் சரக்குக்குப் பெட்டி ஒன்றுக்கு 15,000 டாலர் அபராதம் என்று ஹபாக்-லாய்டு 2019இலேயே அறிவித்தது. அந்த எண்ணைச் சொன்னால் பெரும்பாலான மேலாளர்கள் நிதானிக்கிறார்கள். பிறகும் வற்புறுத்தினால் மெயிலில் கேளுங்கள். மெயிலில் யாரும் எழுதித் தருவதில்லை, பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சரக்கு உண்மையிலேயே ஹாஸ் இல்லை என்றால் அதற்கும் வழி உண்டு. உற்பத்தியாளரின் நான்-ஹாஸ் சர்டிஃபிகேட்டோடு லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினால் லைனர் சீக்கிரம் ஒத்துக்கொள்ளும்.

கஸ்டம்ஸ், பேங்க்

ஷிப்பிங் பில், கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளம், எல்இஓ (ஏற்றுமதி அனுமதி ஆணை) எல்லாம் மற்ற ஏற்றுமதி மாதிரியேதான். சிஎச்ஏ (கஸ்டம்ஸ் புரோக்கர்) பார்த்துக்கொள்வார், நீங்கள் எச்எஸ் கோடைச் சரிபார்த்தால் போதும். அனார்கானிக் 28ஆம் அத்தியாயம், ஆர்கானிக் 29. ஆனால் இரண்டு பட்டியல்களை நீங்களேதான் பார்க்க வேண்டும். ஒன்று, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட். ரசாயன ஆயுத உடன்படிக்கையில் வரும் பொருள்கள் இதில் இருக்கின்றன. தயோனைல் குளோரைடு, ட்ரைஎத்தனாலமின் மாதிரி தொழிற்சாலைகளில் சகஜமாகப் புழங்குபவையும் அந்த உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையில் உண்டு. எந்த நாட்டுக்கு, என்ன உபயோகத்துக்கு என்று பார்க்காமல் அனுப்பினால் கம்பெனி மட்டுமல்ல, கையெழுத்திட்டவரும் மாட்டுவார். இன்னொன்று, போதைப்பொருள் முன்னோடிகள். அசெட்டிக் அன்ஹைட்ரைடு அனுப்ப குவாலியரில் உள்ள நார்கோட்டிக்ஸ் கமிஷனரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் அதன் ரசாயனப் பதிவு விதியான ரீச். வருடத்துக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ ஒரு பொருள் போகிறதென்றால் அங்கே பதிவு வேண்டும். இங்குள்ள உற்பத்தியாளர் நேரடியாகப் பதிய முடியாது, அங்கே ‘ஒன்லி ரெப்ரசென்ட்டேட்டிவ்’ ஒருவரை நியமிக்க வேண்டும், அல்லது வாங்குபவர் பதிய வேண்டும். ஆர்டர் வந்த அன்றே கேளுங்கள்.

எல்சி (வங்கியின் கடன் உறுதிக் கடிதம்) இருந்தால் ஒரு நுணுக்கம். எல்சியில் ‘காஸ்டிக் சோடா ஃப்ளேக்ஸ் 98 சதவீதம்’ என்று இருக்கும். ஐஎம்டிஜி கேட்பதோ ‘சோடியம் ஹைட்ராக்சைடு, சாலிட்’. பிஎல்லில் (கப்பல் சரக்கு ரசீதில்) இரண்டாவதை மட்டும் போட்டால் பேங்க் முரண்பாடு என்று நிறுத்தும், முதலாவதை மட்டும் போட்டால் லைனர் நிறுத்தும். பிஎல் டிராஃப்டில் எல்சி விவரணையை அப்படியே எழுதி, கீழே யூஎன் வரியைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். டிராஃப்ட் வந்ததும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கப்பல் புறப்பட்ட பிறகு திருத்தம் என்றால் காசும் நாளும் போகும். எல்சியில் வேறு சொல்லாவிட்டால் கப்பல் ஏற்றிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஒரிஜினல் ஆவணங்கள் பேங்குக்குப் போயாக வேண்டும்.

மேலே போகும் வழி

ஆபத்துச் சரக்கு வேலையில் இருக்கும் கரைப் பணியாளர்களுக்குப் பயிற்சி 2010 முதல் கட்டாயம், நிர்வாகத்தின் தயவு அல்ல. சேர்ந்த முதல் மாதமே ஐஎம்டிஜி கோர்ஸுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கோட் திருத்தம் வரும்போதெல்லாம் மறுபடியும் கேளுங்கள். கஸ்டம்ஸ் பக்கம் ஆர்வம் இருந்தால் ஜி கார்டு தேர்வு எழுதுங்கள். தேர்வு எழுதாமல் எச் கார்டோடு நின்றுவிட்டவர்கள் துறைமுக வாசலிலேயே வருடக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறோம். வேதியியல் படித்தவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது: ரெகுலேட்டரி அஃபேர்ஸ். எஸ்டிஎஸ் தயாரிப்பது, ரீச் கோப்பைப் பார்த்துக்கொள்வது, வகைப்பாடு செய்வது. ஷிப்பிங் மேசையில் மூன்று நான்கு வருடம் இருந்தவர் அங்கே போனால் லேபில் மட்டும் இருந்தவரைவிட நன்றாகச் செய்கிறார் என்பது என் நம்பிக்கை. தாளில் எழுதுவது எங்கே போய் இடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நேர்முகத்தேர்வில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இங்கே டிஜி டிக்ளரேஷனில் யார் சார் கையெழுத்துப் போடுகிறார்கள்?’ பயிற்சி பெற்ற ஒருவரின் பெயரைச் சொன்னால், அவருக்குக் கீழே வேலை கேட்டுச் சேருங்கள். ‘டைரக்டர் சைனை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கோம், நீங்களே போட்டுக்கலாம்’ என்று பதில் வந்தால், அந்த ஸ்கேனை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் முன்பு சம்பளத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.